கர்ணனுக்கு உய்தி உண்டோ?

மட்டக்களப்புப் பகுதியின் கிராமம் ஒன்றில் 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்து ஆடப்படும் இரவை நேயர்கள் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வட்டக்களரியில் மத்தளம் அதிர்கின்றது, சல்லரி ஒலிக்கின்றது, அண்ணாவியார் பாட்டெடுத்துக் கொடுக்கக் கர்ணன் களரியைச் சுற்றி ஆடி வருகின்றான். விடியும் வேளையில் அவன் வீழ்ந்துபடுகின்றான். பாயில் அமர்ந்து கூத்துப் பார்த்த தாய்மார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொள்கின்றனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டில் இக்கூத்தைச் செம்மை செய்து, பேராதனையிற் பயின்ற பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அதன்பின் நகரத்து அவையினரும் இவ்விரக்கத்திற் பங்குகொண்டனர். 1964ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் நடிக்க வெளிவந்த 'கர்ணன்' திரைப்படமோ கடலின் இரு கரையிலுமிருந்த தமிழரை ஒருங்கே கண்கலங்கச் செய்தது.

அதே கிழக்கு மாகாணத்தில், கல்முனைக்கு அணித்தாய் அமைந்த பாண்டிருப்பிலே, திரௌபதை அம்மன் கோயில் உண்டு. பாரதப் போரின் பதினெட்டு நாளையும் நினைவூட்டும் பதினெட்டு நாள் விழா அங்கு நிகழும். பாண்டவர் வனவாசம், அருச்சுனன் தவநிலை ஆகியவை ஊரார் கண்முன் நடந்தேறிய பின்னர், விரதங் காத்த அடியார் தீக்குழியில் இறங்குவர். புத்தளம் மாவட்டத்து உடப்பிலும் திரௌபதைக்குத் தீமிதிப்பு உண்டு. கூத்துக்களரியிலே கர்ணனுக்காக அழுத கண்கள்தாமே கோயில் வாசலில் திரௌபதையை நோக்கிக் கசிந்து நிற்கின்றன! இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எவ்வாறு இருக்கக் கூடும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அஸ்தினாபுரத்து அரசவையில் திரௌபதையை நாவினால் மிகக் கொடிதாகச் சுட்டவன் வேறு யாருமல்லன், கர்ணனே.

பாரதக் கதையைச் செவிவழியாகக் கேட்டு வளர்ந்தவர்க்கு இக்கூற்று வியப்பளித்தல் கூடும். கூந்தலைப் பற்றி இழுத்தவன் துச்சாதனன். தொடையைக் காட்டியவன் துரியோதனன். சூழ்ச்சி செய்தவன் சகுனி. இம்மூவரும் மக்கள் நினைவில் ஆழப் பதிந்துவிட்டனர். கர்ணனோ அன்றைய அவையில் ஓரமாய் அமர்ந்திருந்தவன் போலத் தோன்றுகின்றான். வியாசர் காட்டும் காட்சி அஃதன்று. அங்கே திரௌபதை தன் வழக்கைக் கேள்வியாக எடுத்துரைக்கின்றாள். தம்மைத் தோற்றபின் தருமர் தன்னைப் பணயமாக வைக்க உரிமை உடையவரா என்கின்றாள். பீஷ்மர் தருமம் நுண்ணியது என்று கூறித் தயங்குகின்றார். ஏனையோர் வாயடைத்திருக்கின்றனர். அவ்வேளையில் எழுந்து பேசிக் கர்ணன் வாதத்தை முடித்து வைக்கின்றான். ஐவரைக் கணவராய்க் கொண்டவள் ஒழுக்கமுடைய குலமகள் அல்லள் என்றும், அவளை எக்கோலத்தில் அவைக்குக் கொணர்ந்தாலும் குற்றமில்லை என்றும் அவன் சொல்கின்றான். பாண்டவரின் ஆடைகளையும் திரௌபதையின் ஆடையையும் களைக என்று துச்சாதனனுக்குக் கட்டளையிடுபவனும் அவனே. துச்சாதனன் கை நீண்டது அதன் பின்னரே.

இவனைத்தான் தமிழ் மக்கள் வள்ளல் என்றும் வீரன் என்றும் நெஞ்சில் வைத்துப் போற்றுகின்றனர். போற்றுவதற்குக் காரணமும் இல்லாமலில்லை. பிறந்த அன்றே ஆற்றில் விடப்பட்டவன். தேரோட்டி மகன் என்று அவைதோறும் எள்ளப்பட்டவன். குருவின் சாபம், அந்தணன் சாபம் ஆகியவற்றைத் தலையிற் சுமந்தவன். இரக்கம் வருவது இயல்பே. ஆயினும் ஒருவன் பட்ட துன்பம் அவன் பிறருக்குச் செய்த துன்பத்துக்குக் கழிவாக முடியுமா? திரௌபதை அவனைக் குந்தியின் மடியிலிருந்து பறித்து ஆற்றில் விடவில்லை. சுயம்வர மண்டபத்தில் அவள் அவனைச் சூதன் என்று இகழ்ந்தாள், அதற்கு அவன் அவையிற் பழிதீர்த்தான் என்று சிலர் விடை கூறுவர். பூனாவிலுள்ள பண்டார்கர் நிறுவனத்தார் 1919ஆம் ஆண்டிலே தொடங்கி, பற்பல ஏடுகளை ஒப்புநோக்கி, 1966ஆம் ஆண்டிலே நிறைவு செய்த ஆய்வுப் பதிப்பின் மூலபாடத்தில் அவ்விகழ்ச்சி இடம்பெறவில்லை. பிற்காலத்தார் கர்ணன்பாற் கொண்ட பரிவினாலோ, கதைக்குச் சுவையூட்டும் விருப்பினாலோ அதனைச் சேர்த்திருத்தல் வேண்டும். குற்றவாளிக்குச் சாதகமாகச் சாட்சியம் பிற்காலத்தில் உண்டாவது நீதிமன்றங்களில் மட்டும் நிகழும் செயலன்று போலும்!

கல்லூரித் தமிழ் மன்றங்களில் இப்பொருள் விவாதத்துக்கு வரும்போதெல்லாம் கர்ணன் கட்சி மாணவர் கையிலெடுக்கும் பெரும் படைக்கலம் ஒன்று உண்டு. அதுவே செஞ்சோற்றுக் கடன். நன்றி மறந்தவனுக்குக் கதியில்லை என்று வள்ளுவர் தீர்ப்பளித்த மொழி இது. இம்மொழி பேசும் மக்களிடையே அவ்வாதம் எடுபடாமற் போவதில்லை. உலகமே இகழ்ந்த வேளையில் அங்கநாட்டு முடியைச் சூட்டித் தோழன் என்று அணைத்தவனுக்காகக் கர்ணன் எதைத்தான் செய்யலாகாது? கைதட்டல் எழும், வெற்றியும் அக்கட்சிக்கே கிடைக்கும்.

ஆனால் அந்த அவையில் விகர்ணன் என்றொருவன் இருந்தான். அவனை எந்த மன்றத்திலும் மாணவர் அழைப்பதில்லை. துரியோதனனின் உடன்பிறந்த தம்பி அவன். உண்ட சோறும் உடுத்த பட்டும் அண்ணன் ஆட்சியில் வந்தவை. கர்ணனுக்கு இருந்த கடன் அவனுக்கு ஒருபடி கூடுதலாகவே இருந்தது எனலாம். முதியோர் எல்லாம் வாய்மூடியிருக்க, அவ்விளைஞன் எழுந்து, திரௌபதை கேட்ட கேள்வி நேரியது, அவள் வெல்லப்படவில்லை என்று துணிந்து கூறினான். அவன் அதனாற் பாண்டவர் பக்கம் ஓடிவிடவுமில்லை. போர் வந்தபோது அண்ணனுக்காகவே நின்று, வீமன் கையால் மாண்டான். கொன்ற வீமனே அவனுடைய நேர்மையை நினைந்து களத்திற் புலம்பினான் என்று பாரதம் கூறும். கடனை உயிரால் தீர்க்கலாம், நாவை மட்டும் விற்காதிருக்கலாம் என்பதற்கு அவன் சான்றாய் இருக்கின்றான். அந்த விகர்ணனைச் சிறுபிள்ளை என்று அதட்டி உட்கார வைத்தவன் கர்ணன். ஆகவே நன்றி அவனைப் பேசாதிருக்கச் செய்தது என்றுகூடச் சொல்ல இடமில்லை. அவன் பேசினான், எதிர்த்துப் பேசியவனின் வாயையும் அடைத்தான். அங்கநாட்டு முடிக்கு ஈடாகத் துரியோதனன் இதனைக் கேட்கவுமில்லை.

கொடையைப் பற்றிச் சில சொற்கள் போதும். கவச குண்டலங்களை உடலினின்று அறுத்தீந்த செயலை ஒப்பாரில்லாத செயல் என்பதில் ஐயமில்லை. வியாச பாரதத்தில் அவன் அதற்கீடாக இந்திரனிடம் சக்தி ஆயுதத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்கின்றான் என்பதும் உண்மை. அது கொடையின் பெருமையைக் குறைப்பதாகக் கொள்ள வேண்டா. வஞ்சித்து வாங்க வந்தவனிடம் தற்காப்புக்கு ஒன்று கேட்டல் பிழையன்று. எனினும், ஆயிரம் இரவலருக்கு அள்ளிக் கொடுத்த பொன் ஒருத்திக்குச் செய்த அவமதிப்பை நிறைகோலின் மறுதட்டில் நின்று சமன் செய்துவிடாது. பொன் பெற்றவன் வேறு, புண்பட்டவள் வேறு.

பிறப்பின் அவலமும், நன்றிக் கடனும், கொடைப் புகழும் இவ்வாறு ஒதுங்கிய பின்னர்க் கர்ணனிடம் எஞ்சுவது யாது? உத்தியோக பருவத்தில் வரும் ஓர் உரையாடல் எஞ்சுகின்றது. தூது பயனற்றுப் போன பின்னர்க் கண்ணபிரான் கர்ணனைத் தம் தேரில் ஏற்றிக்கொண்டு நகருக்கு வெளியே செல்கின்றார். அங்கே அவனுடைய பிறப்பின் மறையை வெளியிடுகின்றார். நீயே மூத்தவன், பாண்டவர் ஐவரும் உன் அடிபணிவர், முடி உனக்கே, திரௌபதையும் முறைப்படி உனக்கு உரியவளாவாள் என்று சொல்கின்றார். வாழ்நாள் முழுவதும் எதற்காக ஏங்கினானோ அதுவெல்லாம் ஒரு நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கின்றது.

கர்ணன் மறுக்கின்றான். அதிரதனையும் இராதையையும் பற்றி அவன் பேசுமிடம் நெஞ்சை உருக்கும். தன்னைக் கண்ட அன்பிலே பால் சுரந்த இராதைக்கு மேலாக வேறு தாயை ஏற்க அவனுக்கு மனமில்லை. துரியோதனன் தன்னை நம்பியே போருக்கெழுந்தான், இனி விலக இயலாது என்கின்றான். இச்செய்தி தருமருக்குத் தெரியலாகாது, தெரிந்தால் அவர் அரசை ஏற்க மாட்டார், அவரே நெடுங்காலம் ஆளத் தக்கவர் என்றும் வேண்டிக்கொள்கின்றான். வரப்போகும் போரை ஒரு வேள்வியாக உருவகித்து, அதிலே தான் பலியாவதையும் அவன் முன்னரே காண்கின்றான். இவற்றுக்கிடையில் மிகச் சிறிதாக ஒரு செய்தி வருகின்றது. துரியோதனனை மகிழ்விக்கும் பொருட்டுப் பாண்டவரைக் கடுஞ்சொல்லால் வைததை எண்ணி இன்று உள்ளம் வேகின்றேன் என்கின்றான்.

ஆரவாரமில்லாத இவ்விடத்தைக் கதைப்பிரசங்கியார் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவர். கேட்டவர் ஒருவரே, ஊராருக்குத் தெரியப்போவதில்லை. சொன்னதனாற் கிடைக்கப்போகும் பயன் எதுவுமில்லை. கிடைக்கவிருந்த அரசைத்தான் அவன் சற்றுமுன் தள்ளிவிட்டானே. பிறப்பு என்னை அவ்வாறு செய்வித்தது என்று அவன் சொல்லவில்லை. செஞ்சோற்றுக் கடன் செய்வித்தது என்றும் சொல்லவில்லை. ஒருவனை மகிழ்விக்கச் செய்தேன் என்று மட்டும் சொல்கின்றான். அவனுக்காக இன்று மன்றங்களில் வாதாடும் வழக்கறிஞர் எவரும் தம் கட்சிக்காரன் தன்மேல் இவ்வளவு நேரிய தீர்ப்பை எழுதிவைத்திருக்கின்றான் என்பதை நினைப்பதில்லை. கர்ணனுக்கு உய்தி உண்டாயின் அதன் வாயில் இங்கேதான் திறக்கின்றது. களத்திலோ கொடை மண்டபத்திலோ அன்று.

ஆயினும் ஒன்று கருதத் தக்கது. அவன் வருந்தியது பாண்டவரை வைததற்கு. திரௌபதையின் பெயர் அந்த வருத்தத்திலே தனியாக எடுத்துரைக்கப்படவில்லை. பாண்டவர் என்ற சொல்லில் அவளும் அடங்குவாள் என்று பரிவோடு பொருள் கொள்ளலாம். அவ்வாறு கொண்டாலும் வேறொரு தடை எதிர்ப்படுகின்றது. போரின் பத்தாம் நாளிரவு, அம்புப் படுக்கையிற் கிடந்த பீஷ்மரிடம் கர்ணன் தனியே செல்கின்றான். இருவரும் ஒருவரையொருவர் பலகாலம் இகழ்ந்தவர்கள். பீஷ்மர் அவனைப் பேரன்போடு ஏற்று, நீ குந்தி மகன் என்பதை அறிவேன் என்கின்றார். கர்ணன் சினத்தாலும் நிலையற்ற மனத்தாலும் தான் கூறிய தகாத சொற்களைப் பொறுத்தருள வேண்டும் என்று அவரிடம் நேரில் வேண்டுகின்றான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரியும். கேட்கும் பணிவும் அவனிடம் இருந்தது. திரௌபதையிடம் மட்டும் அவன் செல்லவேயில்லை.

இதற்குப் போர்க்காலம் தடை என்று கூறலாம். பகைவர் பாசறையிலுள்ள பெண்ணிடம் எவ்வாறு செல்வது? பதின்மூன்று ஆண்டுகள் வனவாசத்திலும் மறைவாழ்விலும் கழிந்தனவே, அப்போது அவன் நெஞ்சு வேகவில்லையே என்று எதிர்வினா எழும். அவையிலே அவளைப் பழித்த அதே நாளில், திருதராட்டிரனிடம் வரம்பெற்று அவள் கணவரை மீட்டபோது, மூழ்கும் பாண்டவர்க்கு இவள் ஓடமானாள் என்று கர்ணன் சொன்னான். அதிலே ஏளனம் பாதி, வியப்பும் பாதி. அவளுடைய பெருமை அவன் கண்ணுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் செல்லாதிருந்தது குற்றத்தைச் சற்றே கனமாக்குகின்றது.

அபிமன்யுவின் வில்லைத் துரோணரின் யோசனைப்படி அறுத்தவனும் கர்ணனே. பதினேழாம் நாளில் தேர்ச்சில்லு மண்ணிற் புதைந்தபோது அவன் அருச்சுனனை நோக்கித் தருமத்தை நினைவூட்டுகின்றான். சில்லை எடுக்கும்வரை பொறுக்கும்படி வேண்டுகின்றான். கண்ணபிரான் விடை கூறுகின்றார். ஓராடையோடு திரௌபதை அவையில் நின்றபோது உன் தருமம் எங்கே சென்றது, பலர் சூழ்ந்து ஒரு பாலனைக் கொன்றபோது எங்கே சென்றது என்று அடுக்கிக் கேட்கின்றார். வழக்கிலுள்ள வடமொழிப் பாடத்தின்படி, கர்ணன் நாணத்தால் தலைகவிழ்ந்து மறுமொழி கூறாது நின்றான். சொல்வன்மையிற் குறைந்தவனல்லன் அவன். விகர்ணனை ஒரு சொல்லில் அமர்த்தியவன். அவனிடம் அன்று விடை இல்லை. அந்த மௌனத்தை அவன் உரைத்த இரண்டாம் ஒப்புதலாகக் கொள்வது தவறாகாது.

அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதிலே தமிழ்ப் புலவர் ஒரு வழியிற் செல்ல, வடமொழி முனிவர் வேறொரு வழியிற் செல்கின்றார். வைணவராகிய வில்லிபுத்தூராழ்வார் பாடிய பாரதத்தில், குற்றுயிராய்க் கிடக்கும் கர்ணனிடம் கண்ணபிரான் முதிய அந்தணராய் வந்து, செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்கின்றார். தாரை வார்க்க நீரின்றித் தன் குருதியையே வார்த்து அவன் அதனைத் தருகின்றான். வரம் கேள் என்றபோது, எப்பிறப்பிலும் இரந்தவர்க்கு இல்லையென்னாத இதயமே கேட்கின்றான். திருமால் தம் உருவம் காட்டுகின்றார். தமிழகத்துத் தெருக்கூத்தில் இக்கதைக்குக் 'கர்ண மோட்சம்' என்றே பெயர். இறந்தோர்க்குரிய கருமாதி நாளில் அதனை ஆடுவிக்கும் வழக்கமும் வடதமிழக ஊர்களில் உண்டு.

இப்பகுதியைக் கொடைக்குக் கிடைத்த கூலி என்று பலர் கருதுகின்றனர். சற்று நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். கர்ணனிடம் கணக்கிற் காட்டத்தக்கதாய் இருந்தது புண்ணியம் ஒன்றே. அதனையும் கொடுத்த பின்னர் அவன் கையில் எதுவுமில்லை. பாவம் மட்டுமே எஞ்சியது. அந்த வெறுங்கையனுக்குத்தான் காட்சி கிடைத்தது. ஆகவே தமிழ்ப் புலவர் கர்ணனை விடுதலை செய்தபோது அவனுடைய தருமத்தை எடைபோட்டு விடுதலை செய்யவில்லை. எடைபோடுவதற்கிருந்த பொருளை முதலில் அகற்றிவிட்டே அருளைக் காட்டினார். கர்ணன் கட்சியார் தம் முதற் சான்றாகக் கொள்ளும் இவ்விடமே அவர்களுடைய நிறைகோலை முறித்துவிடுகின்றது.

வியாசர் இவ்வாறு விரைந்து தீர்ப்பவரல்லர். போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் வேளையில் குந்தி உண்மையை வெளியிடுகின்றாள். தருமர் துடித்துப் போகின்றார். கர்ணனுடைய மனைவியரை வருவித்து அவர்களோடு சேர்ந்தே அவனுக்குரிய கடன்களைச் செய்கின்றார். பின்னொருநாள் நாரதரிடம் அவர் ஒரு செய்தி சொல்கின்றார். அவையிலே கர்ணன் கடுஞ்சொற் கூறியபோது பொங்கிய சினம் அவன் கால்களைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்றாம். அக்கால்கள் குந்தியின் கால்களை ஒத்திருந்தனவாம். தருமர் மன்னித்துவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் மன்னிக்கும் உரிமை முதலில் யாருக்கு இருந்தது? வைத சொல் தருமரை நோக்கியதோடு நின்றதா?

இறுதியிற் சுவர்க்கம் புகுந்த தருமர் அங்கே துரியோதனன் ஒளியோடு வீற்றிருக்கக் கண்டு திகைக்கின்றார். கர்ணன் எங்கே, தம்பியர் எங்கே என்று கேட்கின்றார். தேவதூதன் அவரை இருளும் நாற்றமும் நிறைந்த வழியொன்றிற் கொண்டு செல்கின்றான். திரும்ப எண்ணிய வேளையில் இருளிலிருந்து குரல்கள் எழுகின்றன. யார் நீங்கள் என்று வினவ, நான் கர்ணன் என்கின்றது ஒரு குரல். நான் வீமன், நான் அருச்சுனன் என்று அடுத்தடுத்து ஒலிக்கின்றன. நான் திரௌபதை என்ற குரலும் அதே இருளிலிருந்து வருகின்றது. இவர்களோடு இங்கேயே இருப்பேன், சுவர்க்கம் வேண்டேன் என்று தருமர் நின்றுவிடுகின்றார். இந்திரன் வந்து, அசுவத்தாமன் பெயரால் துரோணரை ஏமாற்றியதற்காகவே உனக்கும் இந்நரகக் காட்சி வஞ்சமாகக் காட்டப்பட்டது என்கின்றான். தருமமே உருவானவர் என்று பெயர் பெற்றவரும் அவ்வழியில் ஒருமுறை நடந்தாக வேண்டியிருந்தது. கர்ணனை மட்டும் தனியே கூண்டில் ஏற்றி விசாரிக்க விரும்புவோர் இதையும் மனத்திற் கொள்ளுதல் நன்று.

இருள் விலகுகின்றது. தருமர் ஆகாய கங்கையில் நீராடி மேலே செல்கின்றார். அங்கே கர்ணன் பன்னிரு ஆதித்தரோடு ஆதித்தனாய் விளங்குகின்றான். வேறோரிடத்தில் திரௌபதை தாமரை மாலையணிந்து கதிரொளி வீச இருக்கின்றாள். அவளைக் கண்டதும் தருமர் ஏதோ கேட்க விரும்புகின்றார். அதற்குள் இந்திரன் குறுக்கிட்டு, இவள் திருமகள், உங்கள் பொருட்டு மண்ணில் வந்தவள் என்று பேசத் தொடங்கிவிடுகின்றான். தருமர் கேட்க நினைத்தது இன்னதென்று வியாசர் கூறவில்லை. ஆதித்தர் நடுவிலிருந்த கர்ணன் எழுந்து அவளிருந்த இடத்துக்குச் சென்றானா என்பதையும் கூறவில்லை.